காது விட்டுக் கட்டிய முடிச்சு

கிடங்குத் தெரு,
திருச்சி.
3.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லதம்பி எழுதுவது. மூன்று நாளாக உன் போனுக்கு அடித்துப் பார்த்துவிட்டேன். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் கட் ஆகிவிடுகிறது. என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய் என்று பவித்ராதான் சொன்னாள். பெற்ற மகளைத் திட்டாதே, நான்தான் கிண்டிக் கிண்டிக் கேட்டேன். அதனால் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு முதல்முறையாகப் பேப்பரில் கடிதம் எழுதுகிறேன். உங்கள் தெருவில் பேட்டரி வண்டியில் குப்பை எடுக்கிற கேத்தரின் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதினால் அவரிடமே கொடு.

வெள்ளிக்கிழமை உங்கள் தெருக் கூட்டத்தில் நீ பேசியது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. நான் வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீ எழுந்து, "இவன் என் கூடப் பொறந்த தம்பிங்க. அதனாலதான் சொல்றேன், இவன் பேச்ச நம்பாதீங்க" என்கிறாய். அறுபது பேர் சிரிக்கிறார்கள். குப்பை எடுக்கிற எங்கள் கம்பெனி ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். மேற்பார்வையாளர் என்று பேட்ஜ் மாட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

அங்கே என்னை முடிக்க விடவில்லை, இங்கே சொல்கிறேன். உங்கள் தெருக்கோடியில் புங்கமரம் நிற்கிற காலி இடத்தில் எட்டுத் தொட்டி கட்டப் போகிறோம். சுற்றியுள்ள முந்நூறு வீட்டுக் காய்கறித் தோல், மீந்த சோறு, பூ, வாழை இலை எல்லாவற்றையும் அங்கேயே நறுக்கி, சாணிக் கரைசல் தெளித்துப் புரட்டிப் போட்டால் நாற்பத்தைந்து நாளில் உரமாகிவிடும். ஸ்ரீரங்கத்தில் பூவும் துளசியும் எவ்வளவு சேரும் என்று உனக்கே தெரியும். அத்தனையும் இப்போது லாரி ஏறிக் காவிரிப் பாலம் தாண்டி எங்கே வருகிறது? நீயும் நானும் பிறந்த வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குப்பைக் கிடங்குக்கு. அங்கே பழைய குப்பை மலையைச் சலித்துக் கரைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் கரைகிறது, மறு பக்கம் புதிதாக வந்து விழுகிறது. எங்கேயாவது பற்றிக்கொண்டால் புகை நேராக வீட்டுக்குள்தான் வரும். அப்பா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார், அக்கா.

ஏப்ரல் 27ஆம் தேதி பகுதிச் சபைக் கூட்டம். தெருவில் பாதிப் பேருக்கு மேல் வேண்டாமென்று கையெழுத்துப் போட்டால் இந்த இடத்தை விட்டுவிடுவார்கள். உங்கள் பகுதியில் வேறு இடமும் கிடையாது. முதல் கையெழுத்து உன்னுடையது என்று கேள்விப்பட்டேன். இல்லை என்று ஒரு வரி எழுது.

உன் தம்பி,
நல்லதம்பி


தென்னந்தோப்புத் தெரு,
ஸ்ரீரங்கம்.
6.3.2025

பெயரில் மட்டும் நல்லதம்பியாக இருப்பவனுக்கு,

குப்பை வண்டியில் கடிதம் அனுப்புகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். கேத்தரின் கையுறையைக் கழற்றிவிட்டு இடுப்புப் பையிலிருந்து கவரை எடுத்து நீட்டினார். எதிர் வீட்டு மாமி அதை ஏதோ கோர்ட் சம்மன் என்று நினைத்து, மத்தியானம் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

முதல் கையெழுத்து என்னுடையதுதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? இதுவரை நாற்பத்தொன்று சேர்ந்திருக்கிறது. எல்லோர் வீட்டுக்கும் நானே நடந்து போய் வாங்கினேன்.

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாற்றித் தரச் சொன்னாள். டீச்சர் அவளை மாற்றவில்லை. என்னை மாற்றினார், ஜன்னலோரத்தில் தனியாக. எட்டாம் வகுப்பு முடியும்வரை அந்த ஜன்னலோரம்தான். பஸ்ஸில் கண்டக்டர், "கிடங்கெல்லாம் எறங்கு" என்று கத்துவார். நீ குதித்து இறங்கிவிடுவாய். நான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வருவேன். உனக்கு அந்த வெட்கம் எப்போதும் இருந்ததில்லை. எனக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது.

அம்மா கடைசி இரண்டு வருடம் உட்கார்ந்துகொண்டேதான் தூங்கினாள். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று பயம் அவளுக்கு. அந்தப் புகையிலிருந்து தப்பித்து, நாற்றமில்லாத ஒரு வாசல் வேண்டும் என்றுதான் உன் மாமாவை அரித்தெடுத்து இங்கே வீடு கட்ட வைத்தேன். அந்த வாசலுக்கு நூறடி தள்ளி நீ எட்டுத் தொட்டி கட்டுவாயாம், நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம்.

சுத்தத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. என் வீட்டுக் குப்பை எப்படி இருக்கும் என்று கேத்தரினிடமே கேள். எல்லாவற்றையும் கறுப்புக் கவரில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்துவிட்டு, பழைய புடவையில் கிழித்த கரையால் அம்மா கட்டுகிற மாதிரியே இறுக்கி முடிச்சுப் போட்டுத்தான் கொடுப்பேன். ஒரு சொட்டு ஒழுகாது, ஓர் ஈ மொய்க்காது. தினமும் கேட்டில் கேத்தரினுக்கென்று டம்ளரில் மோரும் வைக்கிறேன். இதற்கு மேல் ஒரு வீட்டுக்காரி என்ன செய்ய வேண்டும்?

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். உறையூர் உர ஷெட்டை நீதானே பார்த்துக்கொள்கிறாய்? போன வாரம் கைத்தறிப் புடவை எடுக்க அந்தப் பக்கம் போனேன். இரண்டு தெரு தள்ளி வரும்போதே ஷெட் எங்கே இருக்கிறது என்று மூக்கு சொல்லிவிட்டது. அதற்கு என்ன சொல்கிறாய்?

இளவேனில்


கிடங்குத் தெரு.
11.3.2025

அக்காவுக்கு,

உறையூரில் நீ போன அன்று அரைக்கிற மெஷின் ரிப்பேர். ஒருநாள் கூத்து அது. மறுநாளே சரியாகிவிட்டது. அந்த ஒருநாளைப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் தண்டோரா போடாதே. பிரித்துக் கொடுத்தால் நாற்றம் வராது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கட்டிக் கொடுப்பவர்களால்தான் வம்பு. நீ எப்படிக் கொடுக்கிறாய் என்று நான் கேட்கவில்லை, நீயே எழுதியிருக்கிறாய். இன்னொரு முறை படித்துப் பார்.

ஜன்னலோரக் கதை எனக்கு மறக்கவில்லை. ஆனால் இன்னொரு கதையும் எனக்கு நினைவிருக்கிறது. உன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு முதல்நாள் எனக்கு போன் செய்தாய். "அப்பாவ அம்மா மண்டபம் படித்துறைல எறக்கிக் குளிக்க வெச்சு, புது வேட்டி கட்டிக் கூட்டிட்டு வாடா" என்றாய். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "காவேரில முழுகிட்டு வரச் சொல்லியிருக்கா பாரு, புண்ணியம்டா" என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை கூடுதலாக முங்கினார். ஈரத் தலையோடு உன் வாசலில் வந்து நின்றபோது நீ அவர் தோளருகே குனிந்தாய். அவர் நீ கும்பிடுகிறாய் என்று நினைத்துத் தலையில் கை வைத்தார். நீ முகர்ந்து பார்த்தாய் அக்கா. எனக்குத் தெரியும். பதினோரு வருடமாக நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அப்பாவை நீ வீட்டுக்குக் கூப்பிடவே இல்லை. நீதான் மாதம் ஒருமுறை வந்து, பத்து நிமிடம் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறாய்.

அப்பாவுக்கு இருமல் கூடியிருக்கிறது. டாக்டர் வீட்டை மாற்றச் சொல்கிறார். "எங்க போனாலும் ஒரு குப்பமேடு இருக்கும்டா" என்கிறார் அவர். வீட்டை மாற்ற முடியாவிட்டால் குப்பையையாவது குறைக்கலாம் என்றுதான் நான் இந்த வேலையில் கிடக்கிறேன். உன் ஒரு கையெழுத்து விலகினால் உன் பின்னால் பத்து விலகும். உன் பேச்சை அந்தத் தெரு கேட்கிறது.

நல்லதம்பி


ஸ்ரீரங்கம்.
19.3.2025

நல்லதம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். கிரகப்பிரவேசத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. அந்தப் பேச்சை விடு.

ஆறு நாளாகக் கேத்தரின் வரவில்லை. நஸ்ருல்லா என்று ஒரு தம்பி வருகிறார். நல்ல பிள்ளைதான், ஆனால் விசில் ஊதி முடிப்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். அவர் பின்னால் ஓடித்தான் இந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். கேத்தரினுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், "கையில அடிங்க" என்கிறார், மேலே சொல்ல மாட்டேன் என்கிறார். கேட்டில் வைத்த மோரும் திரும்ப உள்ளே வருகிறது.

நேற்று பவித்ராவைக் கூட்டிக்கொண்டு மறுபடி உறையூர் போனேன். உன் ஒருநாள் கூத்து இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. தொட்டிக்கு வெளியே கறுப்பாகத் தண்ணீர் வழிந்து சாக்கடை வரைக்கும் போகிறது. பக்கத்து வீட்டுத் தறிக்காரர் ஜன்னலுக்குக் கோணி கட்டியிருக்கிறார். "ரெண்டு மாசமா இப்படித்தாம்மா" என்றார். ரெண்டு மாசம். நீ என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாய். சின்ன வயதில் நீ பொய் சொன்னால் காது சிவக்கும். கடிதத்தில் அது தெரியாது என்று தைரியம் உனக்கு.

கையெழுத்து ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது.

கேத்தரினைப் பற்றி மட்டும் உடனே எழுது.

இளவேனில்


22.3.2025

அக்காவுக்கு,

கேத்தரின் அக்காவுக்கு வலது கையில் வெட்டு. 13ஆம் தேதி, பிரிக்கிற இடத்தில். இறுக்கிக் கட்டிய ஒரு பையை அவிழ்க்க வராமல் பிளேடால் அறுத்திருக்கிறார். பிளேடு வழுக்கிக் கட்டை விரலுக்குக் கீழே ஆழமாக இறங்கிவிட்டது. உள்ளே நாலைந்து நாள் ஊறிய குப்பை. அந்தத் தண்ணீர் காயத்தில் பட்டு, மூன்றாம் நாள் கை முழங்கை வரை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். உயிருக்கு ஒன்றுமில்லை. விரல் நரம்பு அறுந்திருக்கிறது, இனி மடங்குமா என்று தெரியவில்லை.

எந்த வீட்டுப் பை என்று கேட்காதே. உறையூரைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

நல்லதம்பி


ஸ்ரீரங்கம்.
24.3.2025

நல்லதம்பிக்கு,

படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் "என்னக்கா, இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர் அவர். பொங்கலுக்கு நான் கொடுத்த கரும்பைப் பேரப்பிள்ளைக்கென்று வண்டியின் முன்னால் செருகிக்கொண்டு போனார்.

எந்த வீடு என்று ஏன் கேட்கக் கூடாது? கேட்பேன். நாலைந்து நாள் குப்பையை வீட்டுக்குள் சேர்த்து வைத்து ஒருத்தி கொடுப்பாளாம், அதைத் திறக்கப் போய் இன்னொருத்தி கையை இழப்பாளாம், பெயர் மட்டும் வெளியே வரக் கூடாதாம். நீ யாரைக் காப்பாற்றுகிறாய்? யாராவது பெரிய இடமா? அந்தக் கோடி மாடி வீட்டுக்காரர்களா? அவர்கள்தான் ஊருக்குப் போய் வந்து மொத்தமாகக் கொடுப்பார்கள். நானும் மாமாவும் பவித்ராவும்தான் அந்த வாரம் பழனி போயிருந்தோம், இல்லாவிட்டால் எங்கள் வீட்டுக் கேட்டிலிருந்தே யார் என்ன கொடுத்தார்கள் என்று பார்த்திருப்பேன்.

பெயரைச் சொல். தெருச் சங்கத்தில் வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன். செய்தவர்கள் அவர் வீட்டுக்குப் போய் அவர் முன்னால் நிற்க வேண்டும். இதில் எனக்கும் உனக்கும் சண்டை இல்லை.

இளவேனில்


கிடங்குத் தெரு.
29.3.2025

அக்கா,

ஐந்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். என் மனைவி ரஞ்சனி சொல்லாதே என்கிறாள். கேத்தரின் அக்காவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "இளவேனிலக்காகிட்ட சொல்லிடாதீங்க தம்பி, பாவம் அது மனசு ஒடஞ்சிடும்" என்றார். நீ பெயரைக் கேட்டுவிட்டாய்.

நீதான்.

நான் போய்ப் பார்க்கும்போது அறுந்த பை தரையில் கிடந்தது. கட்டியிருந்தது கத்தரிப்பூக் கலர் புடவைக் கரை. போன வருஷத்துக்கு முந்தின தீபாவளிக்கு நான் உனக்கு எடுத்துக் கொடுத்த புடவை அது. அது இல்லாவிட்டாலும் முடிச்சு சொல்லியிருக்கும். அந்த முடிச்சைப் போட இந்த ஊரில் நீயும் நானும்தான் மிச்சம். பழனி போவதற்கு முன் கட்டி வைத்ததை, போய் வந்த பிறகு எடுத்துக் கொடுத்திருக்கிறாய்.

ஆனால் அம்மா மாதிரியே கட்டுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அது சரியில்லை. அம்மா நம் சாப்பாட்டு டப்பாவைத் துணியில் சுற்றி, ஈயும் சாம்பலும் போகாதபடி இறுக்கித்தான் கட்டுவாள். ஆனால் மேலே ஒரு காது விட்டிருப்பாள். நுனியைப் பிடித்து இழுத்தால் சடக்கென்று அவிழும். எனக்கு ஐந்து வயதில்கூட யாரையும் கேட்காமல் நானே அவிழ்ப்பேன். நீ அந்தக் காதையும் உள்ளே இழுத்துவிடுகிறாய். கட்டும்போது அதைத் திறக்க ஒருத்தர் இருக்கிறார் என்பதே உனக்குத் தோன்றவில்லை. வாசலை விட்டுப் போனால் போதும் உனக்கு.

உன்னை மட்டும் சொல்லித் தப்பித்துவிட முடியாது. உறையூரில் நீ பார்த்தது உண்மை, நான் எழுதியது பொய். ஜனவரியிலிருந்தே கலந்த குப்பைதான் வருகிறது. திருப்பி அனுப்பினால் தெருவில் தேங்கும், மேலே கேள்வி வரும். தொட்டி நிறைந்தது என்று கணக்குக் காட்ட வேண்டும் என்று, பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் கொட்டி மேலே ஒரு சாண் மண்ணைப் போட்டு மூடச் சொன்னேன். நான்தான் சொன்னேன். உள்ளே காற்றுப் போகாமல் அழுகி, அதுதான் வழிகிறது. அந்தத் தறிக்காரர் இரண்டு முறை என்னிடம் வந்து சொன்னார். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கிடங்குப் பக்கத்தில் பிறந்தவன் இன்னொருத்தர் ஜன்னலுக்குக் கோணி கட்ட வைத்துவிட்டேன்.

என்னை நம்பாதே என்று நீ கூட்டத்தில் சொன்னது சரிதான். சிரித்தவர்களும் சரிதான். இருந்தாலும் அந்த எட்டுத் தொட்டி வேண்டும் அக்கா. இதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்றும் தெரியும்.

நல்லதம்பி


ஸ்ரீரங்கம்.
13.4.2025

தம்பிக்கு,

இரண்டு வாரம் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். நான் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. எனக்கு வெளியே தலைகாட்டவே கூச்சமாக இருந்தது.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் வழக்கம்போலக் குப்பையைக் கட்டினேன். கட்டிவிட்டு அவிழ்த்துப் பார்த்தேன். நகம் ஒன்று உடைந்தது. பல்லால் கடித்துப் பார்த்தேன், வரவில்லை. கடைசியில் கத்தரிக்கோலைத் தேடி எழுந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. மாமா என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார். அவரிடம் எல்லாம் சொன்னேன். "நாளைக்கே போய்ப் பாத்துட்டு வா இளவேனில்" என்றார். எனக்கு தைரியம் வர ஆறு நாள் ஆனது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார் என்று கேட்டு, கேத்தரின் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன். அவரைப் பார்த்ததும், "என் முடிச்சுதான்" என்றேன். "தெரியுமேக்கா" என்றார். மூன்று வருஷமாக எங்கள் வீட்டுப் பையை மட்டும் தனியாக வைத்துக் கடைசியில் அறுப்பாராம். "ஏன் ஒரு நாள்கூடச் சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க எவ்ளோ பெருமையா கட்டிக் குடுப்பீங்க, அத எப்படிக்கா சொல்றது?" என்றார். அப்புறம் இடது கையால் டம்ளரைத் தூக்கி எனக்குக் காபி கொடுத்தார். அவர் வீட்டில் எல்லோரும் குடிக்கிற டம்ளர் அது. எங்கள் வீட்டுக் கேட்டில் அவருக்கென்று நான் தனியாக வைக்கிற டம்ளர் நினைவுக்கு வந்தது. அந்தக் காபியை எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். இப்போது கேட்டில் டம்ளர் வைப்பதில்லை.

கட்டை விரல் மடங்காதாம். வண்டி ஹேண்டிலைப் பிடிக்க முடியாது என்கிறார்கள்.

அப்பாவைப் பற்றி நீ எழுதியதும் உண்மை. முகர்ந்து பார்த்தேன். அவர் தலையில் கை வைத்தபோது நான் கையைத் தட்டிவிடவில்லை, அவ்வளவுதான் என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளக்கூடிய நல்ல விஷயம். ஜன்னலோரத்தில் தனியாக உட்கார வைக்கப்பட்ட நானே, அப்பாவைக் காவிரிக் கரையில் நிறுத்தி வைத்தேன்.

கையெழுத்தை நான் இன்னும் திரும்ப வாங்கவில்லை. பாவம் பார்த்து வாங்கவும் மாட்டேன். இன்னொரு உறையூர் எங்கள் தெருக்கோடியில் வந்தால் அதை அனுபவிக்கப்போவது பவித்ராவும், பக்கத்தில் குடிசை போட்டிருக்கிற நாலு குடும்பமும். ஆகவே இப்படிச் செய்வோம். 27ஆம் தேதி கூட்டத்தில் நீ முதலில் எழுந்து உறையூரைப் பற்றி என்னிடம் சொன்னதை எல்லோர் முன்னாலும் சொல். உனக்கு அடுத்து நான் எழுந்து என் முடிச்சைப் பற்றிச் சொல்கிறேன். உன் வேலைக்கு ஆபத்து வரும் என்று தெரியும். வரட்டும். நீ எழுந்திருக்காவிட்டால் இரண்டையும் நானே சொல்லிவிடுவேன், அதையும் தெரிந்துகொள்.

அக்கா


உறையூர்.
2.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை உறையூர் ஷெட்டில் ஒரு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேட்ஜைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். வேலையை விட்டு அனுப்பவில்லை, நான் மூடச் சொன்ன தொட்டிகளை நானே அள்ளிப் பிரித்துக் காயப்போட வேண்டும் என்று இங்கே போட்டிருக்கிறார்கள். நியாயம்தான். நேற்று தறிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். நான் முழங்கால் வரை சேற்றில் நிற்பதைப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொம்பு தண்ணீர் வந்தது.

27ஆம் தேதி கூட்டத்தில் நான் பேசி முடித்தபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதைவிடச் சிரித்திருக்கலாம் என்று தோன்றியது. நீ எழுந்து, "அந்தம்மா கைய வெட்டுனது என் முடிச்சுங்க" என்றபோது எதிர் வீட்டு மாமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாருக்கும் சத்தம் போட மனசு வரவில்லை. எட்டுத் தொட்டி வேண்டாம், நாலு போதும், மூன்று மாதம் பார்ப்போம், நாற்றம் வந்தால் கேட்டைப் பூட்டிவிடலாம், பூட்டுச் சாவி எங்களிடம் இருக்க வேண்டும் என்று நீ ஒவ்வொன்றாகச் சொல்ல, அதிகாரி எழுதிக்கொண்டே போனாரே, அதைத்தான் இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். கேத்தரின் அக்காவைத் தொட்டிப் பொறுப்பில் போட வேண்டும் என்று கடைசியாகச் சொன்னாய். அதை நான் யோசித்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

மே கடைசியில் தொட்டி கட்டி முடித்துவிடுவார்களாம். சாவி உன்னிடம். நாற்றம் வந்தால் தம்பி என்று பார்க்காதே.

நேற்று பழக்கதோஷத்தில் உன் நம்பரை அடித்துவிட்டேன். மணி முழுசாக அடித்தது. பயத்தில் நானே கட் பண்ணிவிட்டேன்.

உன் தம்பி


ஸ்ரீரங்கம்.
27.7.2025

அன்புள்ள தம்பிக்கு,

போனில்தான் தினமும் பேசுகிறோமே, இதை ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது பேசிவிடுவாய்.

மூன்று மாதக் கெடுவில் இதுவரை ஒரே ஒரு நாள்தான் கேட்டைப் பூட்டினேன், உனக்கும் தெரியும். கல்யாண மண்டபத்து வாழை இலையைத் தயிர்சாதத்தோடும் பாயசத்தோடும் தண்ணீர் பாட்டிலோடும் சேர்த்துக் கொட்டிவிட்டுப் போன அன்று. நீ லீவு போட்டு வந்து அள்ளினாய். நான் வெளியே சாவியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் நின்ற பிறகு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்து நானும் இலையைப் பிரித்தேன். கையில் தயிரும் சோறும் அப்பிக்கொண்டது. பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து கையைக் கழுவிவிட்டு, முகர்ந்து பார்க்காமலேயே மாமாவுக்குக் காபி போட்டேன்.

இந்த வாரம் முதல் தொட்டியைச் சலித்தார்கள். கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கிறது. இதற்கு முன்னால் இது என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியும், அதனால் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். கேத்தரின் எனக்கு ஒரு பை கொடுத்தார். எங்கள் தெருவிலிருந்து கிடங்குக்குப் போகும் லாரி பாதியாகக் குறைந்துவிட்டது என்று நஸ்ருல்லா சொல்கிறார். பாதிதான். மீதிப் பாதிக்கு மற்ற நாலு தொட்டியையும் கேட்டு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து என்னுடையது.

ஈரக் குப்பையை இப்போது மூடி போட்ட பக்கெட்டில் அப்படியே கொடுக்கிறேன். காய்ந்த குப்பைக்கு மட்டும் ஒரு துணிப்பை, அதற்கு அம்மாவின் முடிச்சு. காதை வெளியே விட்டு. கேத்தரின் முந்தாநாள் தெருவே பார்க்க அதை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினார். மடங்காத விரலை விறைப்பாக நீட்டிக்கொண்டே இழுத்தார். சடக்கென்று அவிழ்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் தட்ட வரவில்லை.

இந்தக் கடிதத்தையும் அதே மாதிரி ஒரு சின்னப் பையில் கட்டித்தான் அனுப்புகிறேன். நீ அவிழ்க்கிறபோது அம்மா ஞாபகம் வரட்டும்.

வருகிற ஞாயிறு ஆடிப்பெருக்கு. ஊரே அம்மா மண்டபத்தில்தான் குளித்துக்கொண்டிருக்கும். நீ அப்பாவை அங்கே இறக்காதே. குளிக்க வேண்டாம், வேட்டியும் மாற்ற வேண்டாம். கிடங்குத் தெருவில் காலையில் எழுந்து உட்கார்ந்திருக்கிற அப்பாவை அப்படியே வண்டியில் ஏற்றி, நேராக என் வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வா.

இளவேனில்